ஹானிபலில் எங்கே சாப்பிடலாம்? சைவ அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும் ஒருவருக்குப் பதில்

கேள்வி இதுதான். செயின்ட் லூயிஸில் வேலை பார்க்கும் ஒருவர், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் 8 வயது மகளையும் அழைத்துக்கொண்டு வருகிற சனிக்கிழமை மிசூரி மாநிலத்தின் ஹானிபலுக்குப் போகிறார். "பெரிய ரெஸ்டாரன்ட் எதுவும் வேண்டாம். சாதாரணமாக உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி எங்கே போகலாம்? அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். அப்பா மீன், கோழி சாப்பிடுவார். மாடும் பன்றியும் கூடாது. நாங்கள் இருவரும் எல்லாம் சாப்பிடுவோம்" என்கிறார்.

கேட்டிருப்பது கடைப் பெயர். ஆனால் அவர் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சாப்பிடும்போது அம்மா வெறும் சிப்ஸ் பாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கக் கூடாது, நான்கு பேரும் ஒரே மேசையில் வயிறார, மனக்குறை இல்லாமல் சாப்பிட வேண்டும். அது முடியும். ஆனால் அதற்கு எந்தக் கடை என்பதைவிட, கடைக்குள் போய் என்ன கேட்கிறோம் என்பது முக்கியம்.

நான் உணவகச் சமையலறைகளுக்கு ஃப்ரையர் (எண்ணெயில் பொரிக்கும் தொட்டி), கிரிடில் (தட்டையான பெரிய இரும்புக் கல்), ஃப்ரீசர் விற்றுப் பழுதுபார்க்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். செயின்ட் லூயிஸிலிருந்து அயோவா எல்லை வரை மிசிசிப்பி ஆற்றோரச் சிற்றூர்கள்தான் என் வட்டாரம். கடையின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிகம் பார்த்தவன். அதனால் எந்த எண்ணெயில் எது பொரிகிறது, எந்தக் குழம்பில் எது கலந்திருக்கும் என்பதை நான் சொன்னால் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். ருசியைப் பற்றிச் சொல்வது என் நாக்கின் கணக்கு. உங்கள் வீட்டு நாக்குகள் அதற்கு ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். நெடுஞ்சாலை 61-இல் வடக்கே சுமார் 2 மணி நேரம் ஓட்டினால் ஹானிபல். சுமார் 17,000 பேர் வாழும் ஊர். எழுத்தாளர் மார்க் ட்வைன், அதாவது சாமுவேல் கிளெமென்ஸ், 1839-இல் நான்கு வயதுச் சிறுவனாக இங்கே வந்து 1853 வரை வாழ்ந்தார். சுற்றுலா மொத்தமும் அவர் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. ஆற்றுக்கும் மெயின் ஸ்ட்ரீட்டுக்கும் நடுவே ஒரு வெள்ளத் தடுப்புச் சுவரைப் பார்ப்பீர்கள். அது 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1993-இல், மிசிசிப்பியின் பெருவெள்ளம் வந்து ஆறு 31 அடிக்கு மேல் ஏறியது. சுவர் தாங்கியது. நீங்கள் நடக்கப்போகும் அந்தப் பழைய செங்கல் கடைத்தெருவும் அதிலுள்ள சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைகளும் தப்பித்தது அந்தச் சுவரால்தான். ஆற்றைச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்களே என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த சமையலறைகளை மற்ற ஊர்களில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சுவர் இருப்பது பெரிய நிம்மதி.

இந்த வகை ஊர்களில் சாப்பாட்டுக் கடைகள் கைமாறுவதும் மூடுவதும் சகஜம். அதனால் பெயர் சொல்லி ஒரே ஒரு கடைக்கு மட்டும் அனுப்புகிறேன்: மார்க் ட்வைன் டைனெட். 1942-இல் ஆரம்பித்தது. ட்வைனின் சிறுவயது வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஹில் ஸ்ட்ரீட் மூலையில் இருக்கிறது. கூரைக்கு மேலே ஒரு பெரிய ரூட் பியர் குவளை சுற்றிக்கொண்டே இருக்கும். தவறவே விட முடியாது. காரில் இருந்தபடியே சாப்பிடுகிற டிரைவ்-இன் காலத்துக் கடை. குழந்தைகள் சத்தம் போட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், செருப்போடும் தொப்பியோடும் போகலாம். நீங்கள் கேட்ட "சாதாரணமாக உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி" என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அந்தத் தெருவில் எனக்குத் தெரியவில்லை.

அங்கே மகளுக்கு ரூட் பியர் வாங்கிக் கொடுங்கள். அவர்களே தயாரிப்பது, உறையவைத்த கண்ணாடிக் குவளையில் வரும். பெயரைக் கேட்டு உங்கள் அப்பா அம்மா பயப்படக்கூடும்: இதில் மது கிடையாது. 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த பெரிய கண்காட்சியில் சார்ல்ஸ் ஹையர்ஸ் என்ற மருந்துக்கடைக்காரர் இதைப் பிரபலமாக்கினார். வேர்களையும் பட்டைகளையும் காய்ச்சி எடுக்கிற பானமாகத்தான் தொடங்கியது. முக்கியமான வேர் சாஸஃப்ராஸ். அதிலுள்ள சாஃப்ரோல் என்ற பொருள் உடம்புக்குக் கெடுதல் என்று 1960-இல் அமெரிக்க அரசு உணவில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டது. இப்போது வருவதெல்லாம் அந்தப் பொருள் நீக்கிய சாறோ செயற்கை மணமோதான். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரூட் பியரில் வின்டர்கிரீன் மணம் சேர்ப்பார்கள். அதே பொருள்தான் அமிர்தாஞ்சனிலும் அயோடெக்ஸிலும் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் முதல் மடக்கிலேயே "இது தைலம்" என்று குவளையைத் தள்ளிவிடுவார்கள். நன்னாரி சர்பத் பிடிக்கும் என்றால் பிழைத்தீர்கள், இரண்டாவது மடக்கில் பழகிவிடும். மேலே ஒரு கரண்டி வனிலா ஐஸ்கிரீம் போட்டு ரூட் பியர் ஃப்ளோட்டாக வாங்கினால் குழந்தைகளுக்கு முதல் மடக்கே பழகிவிடுகிறது. ஆனால் அமெரிக்க வனிலா ஐஸ்கிரீமில் முட்டை இருக்கவும் கூடும், இல்லாமலும் இருக்கலாம். அம்மாவுக்கு வெறும் ரூட் பியர் போதும்.

எல்லாம் சாப்பிடும் உங்கள் இருவருக்கும் இந்த வட்டாரத்தில் இரண்டு சாண்ட்விச்சுகள் உண்டு. ஒன்று லூஸ் மீட். கொத்திய மாட்டிறைச்சியை வடைபோலத் தட்டாமல், உதிரியாகவே வேகவைத்து, பன்னுக்குள் கரண்டியால் அள்ளிப்போட்டு, கடுகு சாஸ், வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி வைத்துத் தருவார்கள். கூடவே ஒரு ஸ்பூன் வரும், சிந்துவதை அள்ளிச் சாப்பிட. 1926-இல் அயோவாவின் மஸ்கட்டீன் என்ற ஊரில், அதுவும் இதே மிசிசிப்பிக் கரைதான், ஃப்ரெட் ஏஞ்சல் என்ற இறைச்சிக்கடைக்காரர் மெய்ட்-ரைட் என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கினார். டைனெட்டிலும் மெய்ட்-ரைட் என்றே கேட்கலாம். இதில் மசாலா மிகக் குறைவு. காரம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வெந்த இறைச்சியின் சொந்தச் சுவையை எதிர்பார்த்தால் நன்றாக இருக்கும்.

மற்றொன்று போர்க் டெண்டர்லாயின். பன்றி இறைச்சித் துண்டைச் சுத்தியால் அடித்து மெல்லியதாக்கி, மாவும் ரொட்டித்தூளும் புரட்டிப் பொரித்து பன்னில் வைப்பார்கள். பன் உள்ளங்கை அகலம் இருந்தால் இறைச்சி தட்டு அகலம் இருக்கும். இண்டியானாவின் ஹன்டிங்டன் ஊரில் நிக்ஸ் கிச்சன் என்ற கடையில் 1908-இல் பிறந்தது என்பது எல்லோரும் சொல்லும் கதை. ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த ஷ்னிட்ஸெலின் வழி வந்தது என்பார்கள். செய்முறையைப் பார்த்தால் நம்பும்படியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆவணமாக நிரூபித்ததாகச் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: பக்கத்து மாநிலமான அயோவாதான் நாட்டிலேயே அதிகப் பன்றி வளர்க்கும் மாநிலம், அதனால் இந்தப் பக்கத்துக் கடைகளில் இதற்குக் குறைவே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி, "இங்கேயே அடித்து மாவு புரட்டுகிறீர்களா, ஃப்ரீசரில் இருந்து வருகிறதா" என்பது. உறைந்த பெட்டியில் வருவது ஓரங்கள் ஒரே அளவாக, வட்டமாக இருக்கும். கையால் அடித்ததற்கு ஓரம் கோணல்மாணலாக இருக்கும். கோணலாக இருப்பதை வாங்குங்கள்.

அப்பாவுக்கு இங்கே கவலையே இல்லை. வறுத்த கோழி டைனெட்டின் பெயர்பெற்ற சாப்பாடு. இல்லையென்றால் கேட்ஃபிஷ், நம் கெளுத்தியின் உறவு. மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்து, கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட்டோடு வரும். "மிசிசிப்பிக் கரையில் உட்கார்ந்து மிசிசிப்பி மீன் சாப்பிடுகிறோம்" என்று அப்பா நினைத்துக்கொண்டால் சந்தோஷம்தான், ஆனால் உணவகங்களுக்கு வரும் கேட்ஃபிஷ் பெரும்பாலும் தெற்கே மிசிசிப்பி, அலபாமா, அர்கன்ஸா மாநிலங்களின் குளங்களில் வளர்த்தது. அதில் குறை ஒன்றும் இல்லை. தானியம் தின்று வளர்ந்த மீனுக்குச் சேற்று வாடை குறைவு. ஆற்றில் பிடித்த மீனும் சில ஊர்களில் கிடைக்கும், கேட்டால் சொல்வார்கள். வியட்நாமிலிருந்து வரும் பாசா மீனைக் கேட்ஃபிஷ் என்ற பெயரில் விற்கக் கூடாது என்று 2002-லிருந்து சட்டமே இருக்கிறது, அதனால் மெனுவில் கேட்ஃபிஷ் என்று போட்டிருந்தால் கேட்ஃபிஷ்தான் வர வேண்டும். முள்ளோடு சாப்பிடத் தெரிந்தவர் என்றால், இந்த ஆற்றோரங்களில் எங்காவது பஃபலோ ஃபிஷ் என்று எழுதியிருப்பதைக் கண்டால் விடாதீர்கள். கெண்டை மாதிரி முள் நிறைந்த ஆற்று மீன். நெருக்கமாகக் கீறிப் பொரித்தால் சின்ன முள்ளெல்லாம் மொறுமொறுப்பாகிவிடும். அமெரிக்கர்களே பலர் முள்ளுக்குப் பயந்து ஒதுங்குவார்கள், நம் அப்பாக்கள் ஒதுங்க மாட்டார்கள். அப்பா பன்றியே ஆகாது என்பதில் கண்டிப்பானவர் என்றால் மட்டும், மீன் எந்த எண்ணெயில் பொரிகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் பற்றித்தான் அடுத்துச் சொல்லப்போகிறேன்.

இனி அம்மா. இதில்தான் நான் நிதானமாக எழுத வேண்டும்.

சின்னக் கடையின் சமையலறையில் இரண்டு அல்லது மூன்று ஃப்ரையர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 35 முதல் 50 பவுண்டு எண்ணெய் பிடிக்கும். அந்த எண்ணெயைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற மாட்டார்கள், வடிகட்டி வடிகட்டிச் சில நாட்கள் ஓட்டுவார்கள். எண்ணெய் பெரும்பாலும் சோயா எண்ணெய்தான், மாட்டுக் கொழுப்பு ஊற்றும் கடைகளும் உண்டு. நல்ல கடைகளில் உருளைக்கிழங்குக்கு ஒரு ஃப்ரையர், மீன், கோழி, டெண்டர்லாயினுக்கு வேறு என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஆனால் சனிக்கிழமை மதியக் கூட்டத்தில் எந்த ஃப்ரையர் காலியோ அதில் கூடை இறங்கும். ஆகவே ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் சைவம்தானே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனியன் ரிங்ஸ் மாவில் முட்டையும் இருக்கலாம். பெரிய சங்கிலிக் கடைகள் என்றால் கவலையில்லை என்றும் நினைக்க வேண்டாம். மெக்டொனால்ட்ஸ் 1990-இல் தாவர எண்ணெய்க்கு மாறிய பிறகும் அமெரிக்காவில் அதன் ஃப்ரைஸில் மாட்டிறைச்சிச் சுவைப்பொருள் சேர்க்கப்பட்டது. இந்துக்களும் சைவர்களும் வழக்குப் போட்டு, 2002-இல் அந்த நிறுவனம் ஒரு கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இன்றும் அமெரிக்காவில் அந்தச் சுவைப்பொருள் இருக்கிறது.

காய்கறி என்று போட்டிருப்பதையும் நம்பக் கூடாது. கிரீன் பீன்ஸில் பேக்கன், அதாவது உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும். பேக்ட் பீன்ஸிலும் பன்றி இறைச்சி. காய்கறி சூப்பின் அடிச்சாறு மாடு அல்லது கோழி. ஜெல்லியிலும் மார்ஷ்மெலோவிலும் ஜெலட்டின், அது விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து வருவது. ஆப்பிள் பையின் மேலோட்டில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம்; பழைய முறைப்படி கையால் செய்கிற நல்ல பை என்றால்தான் அந்த வாய்ப்பு அதிகம். கோல்ஸ்லாவில் மயோனெய்ஸ், அதில் முட்டை. காலை உணவுக்கு ஹாஷ் பிரௌன்ஸ் வேகும் அதே இரும்புக் கிரிடிலில்தான் பேக்கனும் சாஸேஜும் வேகும், பான்கேக் மாவில் முட்டை. இவையெல்லாம் அந்தச் சமையலின் இயல்பு. உருளையும் பீன்ஸும் பன்றிக் கொழுப்பில் வெந்தால்தான் சாப்பாடு என்று வளர்ந்தவர்களுக்கு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது.

அதனால் "இஸ் இட் வெஜிட்டேரியன்" என்ற இடத்தில் பேச்சை நிறுத்தாதீர்கள். "சைவம்" என்றவுடன் பலர் கோழியைச் சேர்த்துவிடுவார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை. நேராக மூன்று விஷயம் கேளுங்கள்: உருளைக்கு ஃப்ரையர் தனியா, இதில் இறைச்சிச் சாறோ பேக்கனோ இருக்கிறதா, தனி வாணலியில் வெண்ணெயில் செய்து தர முடியுமா. உங்கள் அம்மா மத காரணத்துக்காகச் சாப்பிடுவதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்த ஊர்களில் அதற்கு மிகுந்த மரியாதை உண்டு. பரிமாறும் பெண் உள்ளே போய்ச் சமையல்காரரையே கேட்டுவிட்டு வருவார். மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை கூட்டம் நெரியும்போது இதைக் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். பதினொன்றரைக்கு முன்னாலோ இரண்டு மணிக்கு மேலோ போனால் பொறுமையாகச் செய்து தருவார்கள்.

அம்மாவுக்கு நான் நம்பிச் சொல்வது இவை. கிரில்ட் சீஸ் சாண்ட்விச், தனி வாணலியில், வெண்ணெய் தடவி. சிலர் ரொட்டியின் வெளிப்பக்கம் மயோனெய்ஸ் தடவுவார்கள், அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே தக்காளி, வெங்காயம் வைத்துத் தரச் சொன்னால் வைத்துத் தருவார்கள். முழு உருளைக்கிழங்கு அடுப்பில் சுட்டது, வெண்ணெய், சவர் கிரீமோடு. ஆனால் இது பெரும்பாலும் மாலையில்தான் கிடைக்கும். காட்டேஜ் சீஸ், பழம், டோஸ்ட், வெறும் சாலட். சீஸில் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. பால் திரிக்க இப்போது பெரும்பாலும் நுண்ணுயிர் வழியாகத் தயாரிக்கும் ரென்னெட்தான், ஆனால் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பதும் புழக்கத்தில் உண்டு. எந்தச் சீஸில் எது என்று கடையில் யாருக்கும் தெரியாது, என்னாலும் சொல்ல முடியாது. அம்மா அந்த அளவுக்குப் பார்ப்பவர் என்றால் சீஸைத் தவிர்த்துவிடுவதே சரி.

டைனெட் சரிவரவில்லை என்றால் அடுத்தது மெக்ஸிகன் கடை. இந்த மாநிலங்களில் ஓரளவு பெரிய ஊர் எதிலும் குடும்பமாக நடத்தும் மெக்ஸிகன் கடை ஒன்றாவது இருக்கும். காரம் கிடைக்கும் என்பதால் உங்கள் அப்பா அம்மாவுக்கு முகம் மலரும். இங்கேயும் இரண்டு கண்ணிகள்: மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு, சிவப்புச் சோற்றில் கோழிச் சாறு. "மாந்தேக்கா இருக்கிறதா" என்று ஸ்பானிஷிலேயே கேட்டால் உடனே உண்மை வரும். பீன்ஸையும் சோற்றையும் விட்டுவிட்டு, குடமிளகாய், வெங்காயம், காளான் வதக்கிய வெஜ் ஃபஹீட்டா, சோளச் சப்பாத்தி, குவாக்கமோலே, சல்சா வாங்குங்கள். இரும்புத் தட்டு இறைச்சிக்கும் பொது என்பதை அம்மா பொறுத்துக்கொள்வார் என்றால் இதுதான் அவருக்கு அன்றைக்கு ருசியான சாப்பாடாக இருக்கும்.

எதுவுமே அமையவில்லை, நேரமாகிவிட்டது என்றால், கேஸீஸ் என்ற பெட்ரோல் பங்க் கடையைத் தேடுங்கள். அயோவாவில் தொடங்கிய சங்கிலி, 1984-லிருந்து பீட்ஸா விற்கிறார்கள், மத்திய மேற்கின் சிற்றூர்களுக்கு அதுதான் பீட்ஸாக் கடை. பங்க் பீட்ஸா என்று முகம் சுளிக்க வேண்டாம். மாவை அங்கேயே பிசைந்து சுடுகிறார்கள், சூடாக வாங்கினால் உண்மையிலேயே நன்றாக இருக்கும். காய்கறி பீட்ஸா ஒன்று சொல்லி, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து வாங்கிக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

சனிக்கிழமைக்கு என் யோசனை: காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் பதினொன்றுக்கு ஹானிபல். முதல் வேலையாக டைனெட்டில் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீடான ட்வைன் வீட்டைப் பாருங்கள். அப்புறம் மார்க் ட்வைன் குகைக்குப் போகலாம். உள்ளே எப்போதும் 52 டிகிரி ஃபாரன்ஹீட்தான், செல்சியஸில் 11, அதனால் அப்பா அம்மாவுக்கு ஸ்வெட்டர் அவசியம். திரும்பி வந்து மெயின் ஸ்ட்ரீட்டில் காபி. காபியைத் திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள், அதற்குத் தனியாகக் காசு இல்லை. ஆனால் ஐஸ்டு டீ இந்தப் பக்கம் சர்க்கரை இல்லாமல்தான் வரும். இரவுச் சாப்பாடு அங்கேயே என்றால் ஏழுக்குள் உட்கார்ந்துவிடுங்கள், எட்டுக்கு அடுப்பை அணைக்கும் கடைகள் நிறைய. குளிர்காலத்தில் நேரம் இன்னும் குறையும், எனவே கிளம்பும் முன் போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது. ஜூலை 4-ஐ ஒட்டி, ட்வைனின் கதைநாயகன் பெயரில் டாம் சாயர் விழா நடக்கும்போது மட்டும் மெயின் ஸ்ட்ரீட்டில் சாப்பிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள், கூட்டம் தாங்காது. பில்லில் வரி தனியாகச் சேரும். டிப்ஸ் 15 முதல் 20 சதவீதம். அம்மாவுக்காக உள்ளே போய்க் கேட்டு வந்த பெண்ணுக்கு 20 கொடுங்கள்.

வசந்த காலத்தில் மறுபடி போக வாய்த்தால் ஒரு வெள்ளிக்கிழமையாகப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிகளில் கத்தோலிக்கர்கள் இறைச்சி சாப்பிட மாட்டார்கள். அன்று மாலை இந்த ஆற்றோர ஊர்களில் தேவாலயக் கூடங்களிலும் முன்னாள் படைவீரர் மன்றங்களிலும் மீன் பொரித்துப் பந்தி போடுவார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம், மதம் கேட்க மாட்டார்கள். அப்பாவுக்குச் சுடச்சுட மீன். இறைச்சி விலக்கிய நாள் என்பதால் மாக்கரோனி சீஸ், உருளை, பீன்ஸ் எல்லாம் பெரும்பாலும் பேக்கன் இல்லாமலேயே வைத்திருப்பார்கள். வரிசையில் நிற்கும்போதே பரிமாறுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் அம்மாவும் தட்டை நிரப்பிக்கொள்ளலாம். கேக் மட்டும் வேண்டாம், முட்டை இருக்கும்.